மொட்டை மாடித் தொட்டியிலிருந்து போன் திரை வரை: ரியல்டைம் வெப் ஆப், இணையத்தில் இணைந்த கருவிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் டெவலப்பர்களுக்கு ரிலே (சின்ன சிக்னலால் இயங்கும் ஸ்விட்ச்) புதுசு, எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு சர்வர் புதுசு. இரண்டு தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்: மாடியில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, கீழே சம்ப், பக்கத்தில் 1 ஹெச்பி மோட்டார். தொட்டியின் மட்டம் போனில் தெரிய வேண்டும், போனிலிருந்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்யவும் முடிய வேண்டும்.

ரியல்டைம் ரியல்டைம்னு சொல்றாங்களே, எவ்வளவு வேகமா இருந்தா அது ரியல்டைம்?

வேகத்தை விடுங்கள், முதலில் வாய் திறப்பது யார் என்று பாருங்கள். சாதாரண வெப்சைட்டில் பிரவுசர் கேட்டால்தான் சர்வர் பதில் சொல்லும். ரியல்டைம் ஆப்பில் ஒன்று நடந்த உடனே சர்வர் தானாகத் தகவலைத் தள்ளிவிடும்.

எவ்வளவு சீக்கிரம் என்பது வேலையைப் பொறுத்தது. பட்டனைத் தொட்டு 100 மில்லிசெகண்டுக்குள் திரையில் ஏதாவது மாறினால் உடனே நடந்த மாதிரி இருக்கும். தொட்டி மட்டத்துக்கு அந்த அவசரம் கிடையாது. நிரம்புவதற்கே அரை மணி நேரம் ஆகும் தொட்டிக்கு 10 செகண்டுக்கு ஒரு ரீடிங் தாராளம். செகண்டுக்கு 20 தடவை அனுப்புகிற புராஜெக்ட்களையும் பார்த்திருக்கிறேன். அதில் வருவதெல்லாம் சென்சாரின் நடுக்கம்தான்.

செகண்டுக்கு ஒரு தடவை சர்வர்கிட்ட கேட்டுட்டே இருந்தா போதாதா சார்? எதுக்கு இவ்ளோ சிக்கல்?

ஒரு வீட்டுக்கு என்றால் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். செகண்டுக்கு ஒன்று என்றால் நாளைக்கு 86,400 தடவை. ஒவ்வொன்றிலும் எச்டிடிபி ஹெடர் (கேள்வியோடு ஒட்டிப் போகும் விவரங்கள்) அரை கேபி என்று வைத்தாலும் சுமார் 43 எம்பி காலி. 100 பேர் திறந்து வைத்தால் 86.4 லட்சம் கேள்விகள், பெரும்பாலானவற்றுக்குப் பதில் ‘ஒன்றும் மாறவில்லை’.

30 செகண்டுக்கு ஒரு முறை கேட்டால் சர்வருக்கு வலிக்காது. ஆனால் பட்டனை அழுத்தியவர் மோட்டார் ஓடியதா என்று தெரிய அரை நிமிடம் முழிப்பார், அதற்குள் இன்னும் நாலு தடவை அழுத்தியிருப்பார்.

வெப்சாக்கெட், எம்க்யூடிடி, எஸ்எஸ்இ. இதுல எது பெஸ்ட் ப்ரோ?

மூன்றும் வேறு வேறு இடத்துக்கானவை. எம்க்யூடிடி 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க வேண்டியிருந்தது, லைன் மெதுவு, விலையும் அதிகம். அதனால் அதன் மிகச் சிறிய செய்தி 2 பைட்தான். நடுவில் ப்ரோக்கர் என்ற சர்வர் இருக்கும். சென்சாரும் ரிலேயும் மாட்டிய சின்ன கம்ப்யூட்டரான போர்டு, செய்தியை ஒரு டாபிக்கில் (தலைப்பில்) போடும், அந்த டாபிக்கைக் கேட்கும் எல்லோருக்கும் ப்ரோக்கர் கொடுக்கும். கருவிகளுக்கு இதுதான் என் தேர்வு.

வெப்சாக்கெட் பிரவுசருக்கானது. 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. எச்டிடிபியாகத் தொடங்கி, ‘அப்கிரேட்’ கேட்டு, அதே இணைப்பை இருவழிப் பாதையாக மாற்றிக்கொள்ளும். எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்) ஒருவழி: சர்வர் சொல்லும், பிரவுசர் கேட்கும். கட்டானால் தானே மறுபடி இணையும், அந்த வசதி வெப்சாக்கெட்டில் கிடையாது, நாம்தான் எழுத வேண்டும். மட்டத்தை மட்டும் காட்டும் பக்கத்துக்கு எஸ்எஸ்இ போதும், பட்டன் அழுத்தினால் சாதாரண எச்டிடிபி போஸ்ட் அனுப்பிக்கொள்ளலாம். பலர் இதை யோசித்தே பார்ப்பதில்லை.

சாக்கெட் ஐஓ சர்வர் வச்சிருக்கேன், இஎஸ்பி போர்டுல வெப்சாக்கெட் லைப்ரரி போட்டா கனெக்ட் ஆகவே மாட்டேங்குது.

ஆகாது. சாக்கெட் ஐஓ வெப்சாக்கெட்டின் மேல் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது. சாதா வெப்சாக்கெட் கிளையன்ட்டுக்கு அது புரியாது. போர்டை எம்க்யூடிடிக்கு மாற்றிவிட்டு, உங்கள் நோட் ஜேஎஸ் சர்வரே ப்ரோக்கரிடமிருந்து வாங்கி பிரவுசர்களுக்குக் கொடுக்கட்டும்.

எந்த போர்டு வாங்கலாம்? ஆர்டுயினோ யூனோ இருக்கு, அது ஆகுமா?

சாதாரண யூனோவில் வைஃபை இல்லை. இஎஸ்பி8266 அல்லது இஎஸ்பி32 வாங்குங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் இஎஸ்பி32, ஏனென்றால் பின்னால் வரும் டிஎல்எஸ் (செய்தியை என்க்ரிப்ட் செய்யும் முறை), அப்டேட் எல்லாவற்றுக்கும் மெமரி தேவைப்படும். இரண்டும் 3.3 வோல்ட் போர்டுகள், வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் பிடிக்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் நெட்வொர்க் பெயரே போர்டுக்குத் தெரியாது.

போர்டின் ரிலேயில் மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்ட்டைப்போல் பல மடங்கு இழுக்கும், சின்ன ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே எந்தக் கட்டளைக்கும் ஆஃப் ஆகாது. ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அல்ட்ராசானிக் சென்சார் ரீடிங் தாவுது. டேங்க் ஃபுல்லா இருக்கும்போது காலின்னு காட்டுது!

முதல் சந்தேகம் குருட்டு தூரம். தண்ணீர் படாத ஜேஎஸ்என் வகை சென்சாருக்கு 20 செ.மீ.க்கும் மேல் இடைவெளி வேண்டும். தண்ணீர் அதைவிடக் கிட்டே வந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். தொட்டி நிரம்பும்போது, அதாவது சரியான ரீடிங் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில், இது நடக்கிறது. மூடிக்கு மேல் ஒரு குழாய்த் துண்டு வைத்து சென்சாரை உயர்த்துங்கள்.

அடுத்தது வெயில். 20 டிகிரியில் ஒலி செகண்டுக்கு 343 மீட்டர் போகும், 40 டிகிரியில் சுமார் 355. ஒரு மீட்டர் தூரத்தில் இது 3 செ.மீ.க்கு மேல் பிழை. கருப்புத் தொட்டிக்குள் மத்தியான வெயிலில் இது நிச்சயம் தெரியும். தாவல் குறைய ஐந்து ரீடிங் எடுத்து நடுவில் உள்ளதை வையுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தப்பு ரீடிங் மொத்தத்தையும் இழுத்துவிடும். சாதா ஹெச்சி-எஸ்ஆர்04 வைத்திருந்தால் அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும், இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காமல் இஎஸ்பியில் மாட்டக் கூடாது.

ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு எல்லாம் பண்ணிட்டேன், வெளியில இருந்து போர்டு கிடைக்கவே இல்ல.

ரவுட்டரின் வான் ஐபியை (வெளி நெட் பக்கத்து முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியை நெட் கம்பெனி பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது, நீங்கள் என்ன ஃபார்வர்டு செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை.

வழி இருந்தாலும் செய்யாதீர்கள். போர்டு வெளியே போய் ப்ரோக்கரோடு இணையட்டும், போனும் அதே ப்ரோக்கரோடு இணையட்டும். இரண்டுமே வெளியே போகிற இணைப்புகள், எந்தக் கதவையும் திறக்க வேண்டாம்.

மஸ்கிட்டோ ப்ரோக்கர் போட்டேன். அதே கம்ப்யூட்டர்ல வேலை செய்யுது, போர்டுல இருந்து போகல.

2.0 பதிப்பிலிருந்து எதுவும் சொல்லாவிட்டால் மஸ்கிட்டோ தன் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் கேட்கும். கான்ஃபிக் ஃபைலில் லிசனர் வரியில் 1883 (எம்க்யூடிடியின் போர்ட் எண்) என்று எழுதி, பாஸ்வேர்டு ஃபைலையும் காட்டுங்கள். ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்ற அனானிமஸ் வரியைச் சேர்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சேர்க்காதீர்கள்.

ஒரு போர்டு சூப்பரா ஓடிச்சு. ரெண்டாவது போர்டு போட்டதும் ரெண்டும் மாறி மாறி கட் ஆகுது.

இரண்டிலும் ஒரே கிளையன்ட் ஐடி. அதே கோடை அப்படியே இரண்டாவது போர்டிலும் ஏற்றியிருப்பீர்கள். ஒரே ஐடியில் புதிதாக ஒருவர் வந்தால் பழையவரை வெளியே தள்ள வேண்டும் என்பது எம்க்யூடிடி விதி. வெளியே போனவர் திரும்பி வந்து இவரைத் தள்ளுவார், விடிய விடிய நடக்கும். போர்டின் மேக் முகவரியை (ஒவ்வொரு போர்டுக்கும் தனியான எண்) ஐடியோடு ஒட்டிவிடுங்கள்.

சரியா 60 செகண்ட்ல வெப்சாக்கெட் கட் ஆகுது. என் லேப்டாப்ல இந்தப் பிரச்சினை இல்ல.

லேப்டாப்பில் என்ஜின்எக்ஸ் (நடுவில் நின்று இணைப்பைக் கடத்தும் சர்வர்) இல்லை, சர்வரில் இருக்கிறது. 60 செகண்ட் எந்தப் பேச்சும் இல்லாவிட்டால் அது இணைப்பை மூடிவிடும், இயல்பான அமைப்பே அதுதான். அந்த நேரத்தைக் கூட்டுவது அரைகுறை வைத்தியம், மொபைல் நெட்வொர்க்கும் சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டும். சர்வரிலிருந்து 30 செகண்டுக்கு ஒரு பிங் (‘இருக்கிறாயா?’ என்ற சின்னச் செய்தி) அனுப்புங்கள். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்டில் பிங் அனுப்ப வசதி இல்லை, அதனால் சர்வர்தான் அனுப்ப வேண்டும்.

அப்படியும் கட் ஆகும். லிஃப்டுக்குள் போனால் ஆகும். மறுபடி இணைந்ததும் முதல் வேலையாக இப்போதைய நிலையைக் கேட்டு வாங்குங்கள், நடுவில் போன செய்திகள் திரும்பி வராது.

டேஷ்போர்டுல ‘ஆன்லைன்’னு பச்சையா எரியுது. மாடிக்குப் போய் பார்த்தா போர்டு செத்துக் கிடக்கு.

கரண்ட் போன போர்டு ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ப்ரோக்கருக்கு அந்த இணைப்பு இன்னும் உயிரோடுதான் தெரியும். கீப் அலைவ் நேரத்தின் (இவ்வளவு நேரத்துக்கு மேல் மௌனமாக இருக்க மாட்டேன் என்று போர்டு சொன்ன அளவு) ஒன்றரை மடங்கு காத்திருந்துவிட்டுத்தான் கைவிடும், 60 செகண்ட் வைத்தால் ஒன்றரை நிமிடம்.

இதற்கென்றே எம்க்யூடிடியில் ‘லாஸ்ட் வில்’ இருக்கிறது. இணையும்போதே போர்டு ஒரு உயில் எழுதிக் கொடுக்கும்: நான் சொல்லாமல் போனால் இந்த டாபிக்கில் ‘ஆஃப்லைன்’ என்று போடு. இதோடு நிற்காமல் திரையில் கடைசி ரீடிங் வந்த நேரத்தையும் காட்டுங்கள். ‘72%, 4 நிமிடம் முன்பு’ என்பதைப் பார்ப்பவருக்குப் பச்சை விளக்கே தேவையில்லை.

க்யூஓஎஸ் 2 போட்டா கட்டளை கண்டிப்பா போய்ச் சேரும்ல?

க்யூஓஎஸ் என்பது செய்தி போய்ச் சேர்வதற்கான உறுதியின் அளவு, 0 முதல் 2 வரை. 2 போட்டால் ப்ரோக்கர் வரை சேரும், அங்கிருந்து போர்டுக்கும் சேரும். மோட்டார் ஓடியதா என்பது தனிக் கதை. எம்சிபி (ஓவர்லோடில் தானே விழும் ஸ்விட்ச்) விழுந்திருக்கலாம், கான்டாக்டர் காயில் போயிருக்கலாம். ரிலே பின்னின் நிலையைப் படித்து ‘மோட்டார் ஓடுகிறது’ என்று காட்டும் டேஷ்போர்டு பொய் சொல்கிறது. மோட்டார் வயரில் ஒரு கரண்ட் சென்சார் மாட்டி, கரண்ட் போனால் மட்டும் ‘ஓடுகிறது’ என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: பலரும் பயன்படுத்தும் பப்சப்கிளையன்ட் லைப்ரரி க்யூஓஎஸ் 0-இல்தான் அனுப்பும், வாங்கும்போது அதிகபட்சம் 1. க்யூஓஎஸ் 1-இல் ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். அதனால் ‘மாற்று’ என்று கட்டளை வைக்காதீர்கள். இரண்டு தடவை வந்தால் ஓடி நின்றுவிடும். ‘ஆன்’, ‘ஆஃப்’ என்றே அனுப்பினால் பத்து தடவை வந்தாலும் பாதகமில்லை.

அண்ணா, கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு! யாரும் பட்டனைத் தொடல.

லாக் இருந்தால் பாருங்கள், பெரும்பாலும் இப்படி இருக்கும்:

06:02:11 ப்ரோக்கரில் இணைந்தது
06:02:11 வந்தது: வீடு/மோட்டார்/கட்டளை = ஆன், ரீட்டெய்ன்
06:02:11 ரிலே ஆன்

இணைந்த அதே செகண்டில் கட்டளை. யாரோ முதல் நாள் ஆன் செய்தபோது செய்தியில் ரீட்டெய்ன் கொடி இருந்திருக்கிறது. ரீட்டெய்ன் என்றால் அந்த டாபிக்கின் கடைசிச் செய்தியை ப்ரோக்கர் வைத்திருந்து, புதிதாக வருபவருக்கெல்லாம் கொடுக்கும். காலையில் கரண்ட் வந்து போர்டு எழுந்ததும் நேற்றைய கட்டளை இன்றைய கட்டளையாகிவிட்டது. நிலையை ரீட்டெய்ன் செய்யலாம், செய்யவும் வேண்டும்: டேஷ்போர்டைத் திறந்ததும் மட்டம் தெரிவது அதனால்தான். கட்டளையை ஒருபோதும் செய்யக் கூடாது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதை எடுக்க, அதே டாபிக்கில் ரீட்டெய்ன் கொடியோடு காலிச் செய்தி ஒன்று அனுப்புங்கள்.

ரீட்டெய்ன் இல்லாமலும் இது நடக்கும். க்யூஓஎஸ் 1-இல், பழைய செஷனை அழிக்காமல் இணையும் போர்டுக்கு, அது இல்லாதபோது வந்த கட்டளைகளை ப்ரோக்கர் சேர்த்து வைத்துக் கொடுக்கும். ஒவ்வொரு கட்டளையிலும் அனுப்பிய நேரத்தைச் சேருங்கள், 30 செகண்டுக்கு மேல் பழசென்றால் போர்டு தூக்கிப் போடட்டும். எம்க்யூடிடி 5 என்றால் செய்திக்குக் காலாவதி நேரமே வைக்கலாம். லாக்கில் எதுவும் இல்லாமல் ரிலே மட்டும் ‘டிக்’ என்றால் அது வயரிங் விஷயம்: சில பின்கள் போர்டு எழும் நேரத்தில் ஒரு கணம் மாறும், வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.

தொட்டி நிரம்பினா நிறுத்தற லாஜிக்கை சர்வர்ல எழுதலாமா, போர்டுலயா? சர்வர்னா மாத்தறது ஈஸி.

போர்டில். இந்தப் பக்கத்தில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நெட் போகும், ப்ரோக்கர் படுக்கும், சர்வர் வாடகை கட்ட மறந்துபோகும். எது போனாலும் தொட்டி வழியக் கூடாது, சம்ப் வறண்டு மோட்டார் சும்மா சுற்றவும் கூடாது. எந்த மட்டத்தில் தொடங்கி எதில் நிற்பது என்ற எண்களை சர்வரிலிருந்து அனுப்பி போர்டில் சேமியுங்கள், முடிவு அங்கேயே நடக்கட்டும்.

எல்லா உதாரணக் கோடிலும் ஒரு பொறி இருக்கிறது: வைஃபை கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும் லூப். கரண்ட் வந்ததும் போர்டு ஒரு செகண்டில் எழும், ரவுட்டர் எழ நிமிடக்கணக்கில் ஆகும். அதுவரை போர்டு தொட்டியைப் பார்ப்பதே இல்லை. இணைப்பு ஒரு பக்கம் முயற்சி நடக்கட்டும், மட்டம் பார்க்கும் வேலை எதற்கும் நிற்கக் கூடாது.

சென்சார் போர்டு மாடியிலும் ரிலே போர்டு கீழேயும் தனித்தனியாக இருந்தால் கவனம் இன்னும் வேண்டும். இரண்டும் வெளியூர் ப்ரோக்கர் வழியாகப் பேசிக்கொண்டால் சர்வரில் எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வயர் இழுக்கலாம், அல்லது ரவுட்டரே தேவைப்படாத இஎஸ்பி-நௌ வழியாக நேரடியாகப் பேச வைக்கலாம். கீழ் போர்டில் இரண்டு விதிகள்: 2 நிமிடம் மட்டச் செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்து, 45 நிமிடத்துக்கு மேல் எந்தக் காரணத்துக்கும் ஓட விடாதே. இதெல்லாம் போக, தொட்டியின் வாயில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு கான்டாக்டர் காயில் லைனிலேயே மாட்டிவிட்டால், நீங்கள் எழுதிய கோடு தப்பாக இருந்தாலும் தண்ணீர் நிற்கும்.

எங்க வீட்டு டேங்க்கை எவன் ஹேக் பண்ணப் போறான்?

உங்கள் தண்ணீர் யாருக்கும் வேண்டாம், உங்கள் போர்டும் நெட்டும் வேண்டும். 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துச் சேர்த்தது. அந்த அக்டோபர் 21-இல் டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்பட பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கேமராக்காரர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

நான் அதிகம் பார்க்கும் ஓட்டை, டேஷ்போர்டின் ஜாவாஸ்கிரிப்டிலேயே ப்ரோக்கர் பாஸ்வேர்டு. பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால் யாரும் படிக்கலாம், உங்கள் மோட்டாரை ஓட்டலாம். பிரவுசர் உங்கள் சர்வரிடம் லாகின் செய்யட்டும், ப்ரோக்கரிடம் சர்வர் பேசட்டும். போர்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வீதம் கொடுத்து, தன் டாபிக்கை மட்டும் தொட அனுமதியுங்கள்.

1883-க்குப் பதில் 8883-இல் டிஎல்எஸ் போடுங்கள். சர்டிஃபிகேட் சரியாக இருந்தும் இணையாவிட்டால் போர்டின் தேதியைப் பாருங்கள். எழுந்ததும் அதற்கு 1970 ஜனவரி 1 தான், அந்தத் தேதியில் உங்கள் சர்டிஃபிகேட் பிறக்கவே இல்லை. முதலில் என்டிபி வழியாக நேரம் வாங்கிவிட்டு இணையுங்கள். இதைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு ‘செட் இன்செக்யூர்’ போட்டால் செய்தி என்க்ரிப்ட் ஆகித்தான் போகும், ஆனால் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று போர்டு கேட்கவே கேட்காது.

ஃபயர்பேஸ் இருக்கே, ப்ரோக்கர் எல்லாம் எதுக்கு?

கூகுளின் ரெடிமேட் ரியல்டைம் டேட்டாபேஸ் சேவை அது, ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போடலாம். இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள்தான், போர்டும் போனும் சேர்த்து. அதைவிட என் கவலை வேறு: கருவிகளை இணைக்க கூகுள் நடத்திய ஐஓடி கோர் சேவை 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. போர்டுகளில் எழுதிய முகவரி அடுத்தவருடையதாக இருந்தால், அவர் கடையை மூடும் நாளில் ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும். எந்தச் சேவை எடுத்தாலும் முடிந்தவரை உங்கள் சொந்த டொமைன் பெயரைப் போர்டில் எழுதுங்கள்.

போன் லாக் ஆயிடுச்சுன்னா ‘தொட்டி காலி’ அலர்ட் வர்றதே இல்ல.

திரை அணைந்ததும் போன் அந்தப் பக்கத்தைத் தூங்க வைத்துவிடும், வெப்சாக்கெட்டும் செத்துவிடும். பேட்டரிக்காக வேண்டுமென்றே செய்வது, சுற்றுவழி தேடாதீர்கள். அலர்ட்டுக்கு புஷ் நோட்டிஃபிகேஷன் பயன்படுத்துங்கள். ஐபோனில் 16.4 பதிப்பிலிருந்து வெப் புஷ் வரும், பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டும்.

இதையே 500 வீட்டுக்குப் போட்டா சர்வர் தாங்குமா?

மஸ்கிட்டோவுக்கு 500 போர்டு தூசு. ஒரு இணைப்புக்கு ஒரு ஃபைல் கணக்கு வைக்கும் லினக்ஸின் இயல்பான வரம்பு 1024, போர்டோடு டேஷ்போர்டுகளும் சேர்ந்தால் அதை முட்டும், கூட்டி வையுங்கள்.

சிக்கல் கரண்ட் வரும் நிமிடத்தில் இருக்கிறது. ஒரு ஏரியாவுக்கே கரண்ட் வந்தால் நூற்றுக்கணக்கான போர்டுகள் ஒன்றாக டிஎல்எஸ் கைகுலுக்கக் கிளம்பும், சர்வர் திணறும், தோற்றவை எல்லாம் 5 செகண்டில் மறுபடி ஒன்றாக வரும். ஒவ்வொரு போர்டும் இணையும் முன் 0 முதல் 60 செகண்டுக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கட்டும். தோற்றால் அடுத்த இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதிலும் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். தொட்டி லாஜிக் போர்டிலேயே இருப்பதால் இந்தக் காத்திருப்பில் யாருக்கும் நஷ்டமில்லை.

மாடியில இருக்கற போர்டுக்கு அங்கிருந்தே அப்டேட் அனுப்பறேன். தப்பான அப்டேட் போயிட்டா?

இஎஸ்பி32-இல் ஃப்ளாஷை இரண்டு பகுதியாக வைக்கலாம். ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதியதை எழுதும், அதனால் பாதியில் கரண்ட் போனாலும் பழையது பத்திரம். எழுதி முடித்த புதியது ஓடாமல் விழுந்தால்? ரோல்பேக் வசதியை பூட்லோடரில் (போர்டு எழும்போது முதலில் ஓடும் நிரல்) இயக்கி வைத்திருந்தால், புதிய நிரல் ‘நான் நலம்’ என்று தானே முத்திரை குத்தாத வரை அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையது திரும்பிவிடும்.

முத்திரையை எங்கே குத்துவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நிரலின் முதல் வரியிலேயே குத்தினால் ரோல்பேக் இருந்தும் இல்லாததுதான். சென்சார் ஒரு ரீடிங் தந்து, ப்ரோக்கரில் இணைந்து, அப்டேட் டாபிக்கைக் கேட்கத் தொடங்கிய பிறகு குத்துங்கள். அடுத்த அப்டேட்டை வாங்க முடியாத போர்டு எவ்வளவு நன்றாக மட்டம் காட்டினாலும் அதற்கு ஏணி தேவைப்படும். 500 வீடு என்றால் முதலில் உங்கள் வீடு, மறுநாள் பத்து வீடு, ஒரு வாரம் கழித்து மற்றவை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் போர்டும் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகக் கூடாது என்ற நிபந்தனையையும் கோடில் சேர்த்துவிடுங்கள்.